மங்கு இடம் மாறாது

"உங்க போட்டோவுல நான் எவ்வளவு அழகா இருக்கேன்!" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்பவர் பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். நான்தான் வெடுக்கென்று எதையாவது சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுகிறேன். ஒரு தடவை எழுதிப் பார்த்தால் ஆறுமா என்று பார்க்கிறேன். ஆறாது என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

சைகோனில் எட்டு வருடம் இருந்தேன். ஊருக்குப் பெயர் மாற்றி எத்தனையோ காலமாகியும் வாய்ப்பேச்சில் அங்கே பலருக்கும் அது சைகோன்தான், எனக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது. பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில் ஒரு ஷூ தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் போய், தையல் பிசகு, பசை வழிந்த கறை, ஜோடியில் ஒன்றுக்கொன்று நிறம் ஒத்துவராத தோல் என்று நாள் முழுக்கக் குறை கண்டுபிடித்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். சாயங்காலம் ஏழாவது மாவட்டத்தில் இருந்த எங்கள் அபார்ட்மென்ட்டுக்குத் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் கேமராவைத் தூக்கிக்கொண்டு நம் ஆட்களின் குறைகளை மறைக்கக் கிளம்பிவிடுவேன். வாரத்தில் ஆறு நாள் செய்த வேலையை ஏழாம் நாள் நானே தலைகீழாக்கியதை அப்போது யாரும் சொல்லவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

முப்பது நாற்பது தமிழ்க் குடும்பங்கள் இருந்தோம். பொங்கல், தீபாவளி, வளைகாப்பு, பிறந்தநாள், யாராவது ஊரோடு போகிறார்கள் என்றால் அதற்கொரு விருந்து. அபார்ட்மென்ட்டின் கீழ்த்தள ஹாலில் சாம்பார் வாளியும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் வந்து இறங்கிய கையோடு என் முன்னால் வரிசை நிற்க ஆரம்பித்துவிடும். "அக்கா, எனக்கு ஒரு சிங்கிள்." சிங்கிள் என்றால் தனியாக ஒரு படம். அதைத்தான் ஊருக்கு அனுப்புவார்கள், வாட்ஸப்பில் முகப்பாக வைப்பார்கள், சொந்தக்காரர்கள் வயிறெரியப் பார்ப்பார்கள்.

என்னிடம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஜன்னல் பக்கமாக நிறுத்துவேன். ஒவ்வொருவருக்கும் நல்ல பக்கம் எது என்று மனப்பாடம். அப்புறம் ஆமை. தாடையை முன்னால் நீட்டி லேசாகக் கீழே இறக்கினால் இரட்டைத் தாடை காணாமல் போய்விடும். நான் "ஆமை!" என்று கத்தினால் பட்டுப்புடவைக்காரி முதல் பல்லுப்போன தாத்தா வரை கழுத்தை நீட்டுவார்கள், நீட்டும்போதே சிரிப்பு வந்துவிடும், அந்தச் சிரிப்பில் அமுக்கிவிடுவேன். மிச்சத்தை வீட்டில் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வேன். பரு, கருவளையம், மங்கு, எல்லாம் போய்விடும். "உங்க கைக்கு வளையல் போடணும்க்கா" என்பார்கள். எனக்கு அந்தப் பெருமை தலைக்கு ஏறித்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

இரண்டு மாடி கீழே அவள் இருந்தாள். காரைக்கால் பக்கம். என்னைவிட ஏழு வயது சின்னவள், கல்யாணமாகி நேராக சைகோனுக்கு வந்தவள், குழந்தை இல்லை. என் சமையலறையில் உரிமையாக மூடியைத் திறந்து பார்க்கிற ஒரே ஆள். அவளுக்கு நான் எடுத்த படங்கள் மாதிரி வேறு யாருக்கும் அமையவில்லை. ஒரு பொங்கலுக்கு எடுத்த படத்தை அவள் அப்பா பெரிதாக்கி ஃப்ரேம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். ரிட்டையர்டு வாத்தியார். மாட்டிய சுவரைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பியிருந்தார். அதை அவள் என்னிடம் காட்டியபோது நான் பூரித்துப் போனேன்.

அவள் புருஷனைப் பற்றி யாரைக் கேட்டாலும் தங்கம் என்பார்கள். பெரிய கம்பெனியில் இஞ்சினியர். விருந்தில் பெண்கள் நின்றால் ஓடிப்போய் நாற்காலி எடுத்துப்போடுவான். நான் ஆல்பத்தை எங்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டதும் முதல் இதயக்குறி அவனுடையதுதான். ஒரு தடவை எல்லார் முன்னாலும் சொன்னான்: "அக்கா, என் பொண்டாட்டி உங்க போட்டோவுல மட்டுந்தான் அழகா இருக்கா." ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள், கழுத்தை ஆமை மாதிரி நீட்டிக்கொண்டே.

அவள் முகத்தில் மங்கை முதல் தடவை பார்த்தது ஒரு பொங்கல் அன்று. ஃப்ரேமில் மாட்டிய அதே படம். நான் ஜன்னல் பக்கம் திருப்பியபோது அவள் முகத்தை விலக்கிக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் வேணாங்க்கா. மங்கு விழுந்திருக்கு."

"யாருக்குடி இல்ல? எனக்கு ரெண்டு பக்கமும் இருக்கு. ஜாதிக்காயை இழைச்சுப் போடு. ஸ்கூட்டர்ல போறப்ப இந்த ஊர்ப் பொம்பளைங்க மாதிரி முகத்தை மூடிக்கிட்டுப் போ."

பவுடர் நன்றாகவே அப்பியிருந்தாள். வலது கன்னத்து எலும்புக்கு மேல் ஒரு பழுப்புத் திட்டு. சைகோன் வெயிலில் இரண்டு வருடம் இருந்தால் நம் பெண்கள் முகத்தில் மங்கு விழாமல் இருக்காது. அதனால் எனக்கு அதில் சந்தேகம் வர எந்த முகாந்திரமும் இல்லை. படம் எடுத்தேன். கிளம்பும்போது அவள் புருஷன் என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னான்: "அந்த மங்கு மட்டும் எடுத்துடுங்கக்கா. ஊர்ல பாத்தா கவலைப்படுவாங்க." எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். அட நாசமாப் போறவனே! அன்று சாயங்காலம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அந்தத் திட்டை அவ்வளவு பொறுமையாக, ஓரம் தெரியாமல் அழித்தேன். அடுத்து கிட்டத்தட்ட ஒரு வருடம் இந்த வேலையைச் செய்தேன்.

சித்திரையில் தாடை ஓரம். வுங் டாவ் கடற்கரைக்கு எல்லோரும் வேன் வைத்துப் போனபோது கழுத்தில், காதுக்குக் கீழே. தீபாவளிக்கு இடது கண்ணுக்கு அடியில். "மங்கு பரவிக்கிட்டே போகுதுக்கா" என்று அவள் சொன்னாள், நான் தலையாட்டினேன். ஷூவில் ஒரு மில்லிமீட்டர் தையல் நகர்ந்தால் லைனையே நிறுத்துகிறவள் நான். மங்கு இடம் மாறாது என்று எனக்குத் தெரியாதா? என் கன்னத்தில் இருக்கிற மங்கு வருடக்கணக்காக அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கண் இருந்தது, பார்க்கவில்லை. அழகாக எடுக்கிற மும்முரத்தில் இருந்தேன்.

எங்கள் கட்டிடத்துக்குக் கீழே ஒரு பியூட்டி பார்லர். நடத்துகிற பெண்ணுக்கு என் வயது இருக்கும், கூச்சி என்கிற ஊர்ப் பக்கத்துக்காரி, கையும் வாயும் ஒரே வேகம். மங்குக்கு வியட்நாமிய மொழியில் என்ன சொல்வார்கள் என்று அவளிடம்தான் கற்றுக்கொண்டேன்: நாம். கேட்ட முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தேன். நம் ஊர் 'நாம்' மாதிரியே சொல்கிறார்கள். என் இரண்டு கன்னத்தையும் தொட்டு, நாம், நாம் என்பாள்.

தீபாவளி முடிந்த அடுத்த வாரம் என் தோழியையும் அங்கே பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்றாள். பக்கத்து நாற்காலியில் அமுக்கி உட்காரவைத்தேன். பார்லர்காரி பஞ்சை நனைத்து அவள் முகத்துப் பூச்சை ஒரு இழுப்பு இழுத்தாள். கை நின்றது. குனிந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நாம் இல்லை" என்றாள் அவள் மொழியில். "பம்."

எனக்கு அந்த வார்த்தை தெரியாது. விழித்தேன். அவள் சட்டென்று பேண்டை முழங்கால் வரை தூக்கி, மோட்டார்பைக்கின் கால்மிதியில் இடித்துக்கொண்ட இடத்தைக் காட்டினாள். நீலமும் மஞ்சளுமாக ஒரு திட்டு. அதைத் தொட்டு "பம்" என்றாள். பிறகு என் தோழியின் கண்ணுக்குக் கீழே, தொடாமல், விரலைக் காட்டி மறுபடியும் "பம்" என்றாள்.

ரத்தக்கட்டு. நம்மிடம் வார்த்தை இல்லாமல் இல்லை. ஒரு வருடமாக ஒருத்தர் வாயிலும் அது வரவில்லை, அவ்வளவுதான்.

என் தோழி அழவில்லை. என் கையில் இருந்த துண்டை வாங்கி முகத்தை மூடிக்கொண்டு, "வீட்டுக்குப் போலாங்க்கா" என்றாள். என் வீட்டுக்கு வந்துதான் எல்லாவற்றையும் சொன்னாள். குழம்பில் உப்பு என்பது ஒரு நாள் காரணம், ஃபோனை எடுக்கத் தாமதம் என்பது இன்னொரு நாள். மோதிரக் கையால் அடிப்பானாம்.

"அப்பாகிட்ட சொல்லித் தொலைய வேண்டியதுதானடி?"

"நாலு தடவ சொன்னேங்க்கா. வந்துடுறேம்ப்பான்னு அழுதேன். நம்பல."

"ஏன் நம்பல?"

அவள் என்னை ஏறெடுத்துப் பார்த்தாள். "போட்டோவுல நல்லாத்தானம்மா இருக்கங்கிறாரு. சிரிச்சிக்கிட்டு லெச்சணமா இருக்க, சின்னச் சின்னச் சண்டைக்கெல்லாம் வீட்ட விட்டு வரேங்கிறியேன்னு சொல்றாரு. வீடியோ கால்ல பேசுனா இவரு பக்கத்துலயே உக்காந்து 'மாமா சாப்ட்டீங்களா'ன்னு குழையுவாரு. எங்கப்பா வான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்க்கா. நான் போய்டுவேன். சொல்ல மாட்டேங்கிறாரு."

எனக்கு அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. அவளுடைய அப்பா மகள் பேச்சைவிட என் படத்தை நம்பியிருக்கிறார். அந்த ஆள் மேல் ஆத்திரம். என் மேல் அதைவிட. சே, அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி நான்!

கோபத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் வீட்டுக்குப் போனேன். பெரிய மனுஷர், ஊர் விஷயங்களை முடித்து வைக்கிறவர், எல்லாருக்கும் சார். மேடையில் பேசினால் வாக்கியத்துக்கு இரண்டு 'நாம' இல்லாமல் பேசமாட்டார். அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஃபோனை எடுத்து என் ஆல்பத்தையே விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

"நீங்க எடுத்ததுதானேம்மா இது? எவ்வளவு சந்தோஷமா இருக்கா பாருங்க. அடி வாங்குற பொண்ணு இப்படிச் சிரிக்குமா? நாம எல்லாம் ஒரே குடும்பம். நாம இதைப் பெருசாக்கக் கூடாது."

"சார், சிரிச்சது நான் ஆமைன்னு கத்துனதுக்கு. அடையாளத்தை அழிச்சது நான். இதுல அவ எங்க சார் இருக்கா?"

"நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. நான் தம்பிகிட்ட பக்குவமா ஒரு வார்த்தை சொல்றேன்."

"வேணாம் சார். தயவுசெஞ்சு அவன்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க."

சொன்னார். பக்குவமாகத்தான் சொல்லியிருப்பார். மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் கதவைத் தட்டினாள். இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. கையில் ஒரு பையும் பாஸ்போர்ட்டும். அவரைப் போய் நாலு வார்த்தை கேட்கக்கூட எனக்கு அப்போது நேரமில்லை. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

"இப்பவே வீடியோ போடு. உங்கப்பா பாக்கட்டும்" என்றேன்.

அவள் தலையசைத்தாள். "இன்னைக்கி ஒரு நாள் கோவத்துல கைய நீட்டிட்டாரு, நான் பேசுறேம்மான்னு முடிச்சிடுவாரு. ஒரு வருஷத்தயும் காட்டணும்க்கா. உங்ககிட்ட பழசு இருக்கா?"

இருந்தது. தொழிற்சாலைப் பழக்கம் அது. கழித்துப்போட்ட ஷூவைக்கூடச் சீட்டு ஒட்டி வைத்திருப்போம். கைவைக்காத அசல் படங்களை நான் ஒருநாளும் தூக்கிப்போட்டதில்லை. அன்று வேலைக்குப் போகவில்லை. இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு விருந்தாகத் தோண்டினோம். பொங்கல், சித்திரை, வுங் டாவ், ஒரு வளைகாப்பு, தீபாவளி. நான் ஊருக்கு அனுப்பியதையும் அசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பாதியில் நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவள்தான் நிதானமாக இருந்தாள். "நானே அனுப்புறேங்க்கா" என்று சொல்லி, கடைசியில் தன் முகத்தையும் அன்றைக்கு இருந்தபடி எடுத்துச் சேர்த்து அப்பாவுக்கு அனுப்பினாள். பத்து நிமிடம் கழித்து அவர்தான் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா இதெல்லாம்? பொங்கல் படத்துல கன்னத்துல என்னமோ இருக்கு. நம்ம வீட்ல மாட்டியிருக்கிறதுல இல்லையே. வெளிச்சம் கிளிச்சம் பட்டு அப்படித் தெரியுதா?"

எனக்குப் பொறுக்கவில்லை.

"வெளிச்சம் இல்லைங்கய்யா. அடி. இருந்ததை நான்தான் அழிச்சேன்."

"நீங்களா? எதுக்கும்மா அழிச்சீங்க?"

"அழகா இருக்கட்டும்னு."

நான் சொன்ன வார்த்தை எனக்கே காதில் நாராசமாக விழுந்தது. அவர் அடுத்துப் பேசியது என்னிடம் இல்லை, மகளிடம். "நீ ஃபோன்ல அழுதுட்டு வச்ச ஒவ்வொரு தடவையும் நான் எழுந்துபோயி அந்தப் படத்தப் பாப்பேம்மா. பாத்துட்டு, நல்லாத்தான் இருக்கு புள்ளன்னு படுத்துடுவேன்." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "வா. இல்ல, நீ தனியா வராத. ஒன்னைப் பாக்க வரணும்னு எடுத்து வச்ச பாஸ்போர்ட்டு இருக்கு. விசா கெடைச்ச அன்னைக்கே வர்றேன்."

விசா வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் அவள் என் வீட்டில் இருந்தாள். மூன்றாம் நாள் அவன் வந்தான், கையில் பழக்கூடையுடன். "அக்கா, நீங்க பெரியவங்க. ஒரு குடும்பத்தைப் பிரிக்கலாமா?" என்றான். அதே குழைவு. "பிரிக்கிறேனா? உன் கையை ஒடிக்காம விட்டதுக்குச் சந்தோஷப்படு. மோதிரத்தைக் கழட்டிட்டுப் பேசுடா" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு வியட்நாமியக் கிழவர் கதவைத் திறந்து வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. அவன் லிஃப்ட்டுக்குப் போகும் வரை அவர் அசையவில்லை. நாங்கள் ஒரே குடும்பம் என்ற முப்பது நாற்பது வீட்டிலிருந்து ஒரு ஈ காக்காய் வரவில்லை.

அப்பாவை அழைக்க விமானநிலையத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். வேட்டியில்லாமல் பேண்ட் போட்டுப் பழக்கமில்லாத ஒரு மனிதர், தோளில் ஒற்றைப் பையோடு வெளியே வந்தார். மகளைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார். கட்டிக்கொள்ளவில்லை. அவள் தாடையைப் பிடித்து, இடது கன்னம் தெரியும்படி முகத்தைத் திருப்பினார். நான் எத்தனையோ தடவை அதே மாதிரி பிடித்து, வெளிச்சத்துக்கு நல்ல பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். அவர் மற்றப் பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். உள்ளே போவதற்கு முன் அவள் என்னிடம், "ஒரு சிங்கிள் எடுங்கக்கா" என்றாள். எனக்குக் கை வரவில்லை. "வேணாம்டி, இனிமே அந்தக் கருமத்தைத் தொடவே மாட்டேன்" என்றேன்.

"எடுங்க. ஆமையெல்லாம் வேணாம்."

எடுத்தேன். நேராக நின்றாள். வீக்கம் வடிந்து, கன்னத்தில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு திட்டு மிஞ்சியிருந்தது. சிரிக்கவில்லை. ஃபோனை வாங்கிப் பார்த்தாள்.

"எங்க ஃப்ளைட் ஏறுனதும் குரூப்புல போட்டுருங்க. எதையும் அழிக்காதீங்க."

ஏறியது. போட்டேன். 'ஊருக்குப் போகிறாள்' என்று மட்டும் எழுதினேன். வழக்கமாக முதலில் விழும் இதயக்குறி விழவில்லை. ஒருத்தர், இரண்டு பேர், பத்துப் பேர் பார்த்துவிட்டார்கள் என்று காட்டியது. பிறகு முதல் பதில் வந்தது. நான் யார் வீட்டு சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேனோ அதே சங்கத் தலைவர்.

"நல்ல படம்மா. அந்த மங்கு மட்டும் எடுத்துடுங்க. நாம நாலு பேர் பார்க்கிற இடம்."

விமானநிலைய வாசலில், அத்தனை பேர் தள்ளுவண்டிக்கு நடுவில் நின்றுகொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன்.

"அது மங்கு இல்ல சார், ரத்தக்கட்டு. கட்டினவன் இந்தக் குரூப்புலதான் இருக்கான்."